மூச்சு எண்ணும் பனியன்

ஆய்வுக்கூடத்தில் இருந்த பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பேர். தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. மார்பும் வயிறும் மட்டும் ஒழுங்காக ஏறி இறங்கும். உள்ளே ஒரு காற்றுப்பை, அதற்கு ஒரு சின்ன பம்பு. பம்பு ஓடினால் மாப்பிள்ளை மூச்சை இழுப்பார், நின்றால் விடுவார். எத்தனை வாரம் ஆனாலும் முகம் சுளிக்காமல் இதையே செய்வார். சுளிக்க முகமும் இல்லை. "இந்த மாதிரி வாயில்லாத ஆளு கிடைச்சா நானே இன்னொரு தடவை கட்டிக்குவேன்" என்று பின்னல் மெஷின் ஓட்டும் அக்கா ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளைக்குப் பனியன் தைத்துப் போட்டு அழகு பார்ப்பது பொடிசின் வேலை. அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய தாய்மாமன் வைத்த செல்லப்பேர் அது. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து மாமா வீட்டிலேயே தங்கியிருந்ததால் பேரும் கூடவே வந்து தங்கிவிட்டது. ஒருநாள் அத்தை சாப்பாட்டு டப்பாவோடு ஆபீஸ் வாசலில் நின்று, "பொடிசு இருக்காளா?" என்று உரக்கக் கேட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு முதலாளிகூட அவளை வேறு மாதிரி கூப்பிடவில்லை.

அவள் வடிவமைத்தது மூச்சை எண்ணும் பனியன். சாதாரணப் பருத்தி நூலோடு வெள்ளி பூசிய நூலையும் சேர்த்து, மார்பைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை என்று பின்னியிருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது பட்டை விரியும், கண்ணிகள் இழுபடும், நூலில் ஓடும் மின்சாரம் கொஞ்சம் மாறும். இரண்டு பட்டைகளின் மாற்றத்தையும் கூட்டினால் மூச்சு எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். விலாப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதை அழுத்துப் பொத்தானில் மாட்டினால் போனில் அலை அலையாகக் கோடு ஓடும். துவைக்கும்போது கருவியைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளை மேல் அது பிரமாதமாக வேலை செய்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முன்பு துண்டு, போர்வை வியாபாரம் செய்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தும் இடம் அவருக்கே தெரியாது. ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்சைப் போனில் பிடித்து, பனியனின் பெருமைகளைக் காது வலிக்கும்வரை சொன்னார். நுரையீரல் நோயாளிகள் வீட்டுக்குப் போனபிறகு அவர்களைக் கவனிக்க இப்படி ஒன்று வேண்டும் என்று அந்த அம்மாவும் தேடிக்கொண்டுதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"பொம்மை போட்டுப் பாத்ததெல்லாம் எனக்கு வேண்டாம் சார். நல்லா வியர்க்கிற ஆளு போடணும். வீட்டுல துவைக்கிற மாதிரி துவைக்கணும். அதுக்கப்புறமும் சரியா எண்ணிச்சுன்னா கொண்டு வாங்க, பாக்குறேன்."

முதலாளி போனை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "நம்மள்ல யாருக்கும்மா நல்லா வியர்க்கும்?"

பொடிசுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமா இருந்தார்.

மாமா ஒரு பேக்கரியில் அடுப்பு வேலைக்காரர். விடியும் முன்பே போய், மதியத்துக்குள் அன்றைய ரொட்டியையும் பன்னையும் இறக்கிவிட்டு வருவார். அந்த வெக்கையில் நின்று நின்று உடம்பே வியர்வைக் குழாயாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் வியர்க்கும், செய்தி பார்த்தால் வியர்க்கும், வியர்க்கிறதே என்று கவலைப்பட்டால் இன்னும் வியர்க்கும். ஆள் நல்ல பருமன். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். முடிவெட்டும் நாற்காலியில், பஸ்ஸில், ஒருமுறை பேக்கரியில் மாவு மூட்டை மேல் சாய்ந்து நின்றபடியே. விடியற்காலை வேலை, பாவம், என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

பனியனைக் கையில் வாங்கியதும் அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆராய்ச்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். உடம்பு அப்படி."

"வியர்வைக்காகக் கூப்பிட்டாங்களாம்" என்றாள் அத்தை.

"எதுக்காகவோ. கூப்பிட்டாங்களா இல்லையா?"

முதல் நாளே பனியன் கோளாறு செய்தது. அடுப்பு முன்னால் நின்ற மாமா, போன் கணக்குப்படி, ஒரே சமயத்தில் நாலு பேர் மூச்சு விடுவதுபோல் மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் கோடு கூரையில் போய் முட்டி நின்றது. உப்பு வியர்வை நூலுக்கும் நூலுக்கும் நடுவில் பாலம் போட்டுவிட்டது என்று பொடிசுக்குப் புரிந்தது. மின்சாரம் தான் போக வேண்டிய நீண்ட பாதையை விட்டுக் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தது.

அவளும் மெஷின் அக்காவும் உட்கார்ந்து, வெள்ளி நூலுக்கு மேலே மெல்லிய ரப்பர் பூச்சுள்ள நூலாகத் தேடிப் பிடித்தார்கள். பட்டைக்குப் பக்கத்திலேயே இழுபடாத ஒரு நூலையும் ஓடவிட்டாள் பொடிசு. சூடும் ஈரமும் இரண்டு நூலையும் ஒரே மாதிரி பாதிக்கும், மூச்சு ஒன்றை மட்டும்தான் பாதிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் மூச்சு. இந்த யோசனை குளிக்கும்போது வந்தது. சோப்பு நுரையோடு கதவைத் திறந்து "கழிச்சுட்டா போதும் அத்தை!" என்று கத்தினாள்.

"எதைக் கழிக்கணுமோ கழிச்சுட்டுச் சீக்கிரம் வெளியே வா, இவரு காத்துக்கிட்டிருக்காரு" என்றாள் அத்தை.

வியர்வை அடங்கியது. அடுத்து வந்தது சலவை.

மிதமான சோப்பு, குளிர்ந்த தண்ணீர், முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும் என்று பொடிசு பாடம் போலச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொடிசு பால்கனிக்குப் போனபோது, அத்தை பனியனின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், மாமா மறு முனையைப் பிடித்திருந்தார். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பனியன் கயிறாகத் திரிந்திருந்தது. பக்கத்தில் பிரஷ் கிடந்தது.

"அத்தை! பிழியக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நான் எங்க பிழியறேன்? தண்ணிய எடுக்கிறேன்."

"பிரஷ் எதுக்கு?"

"உங்க மாமா போட்ட துணிக்குப் பிரஷ் எதுக்குன்னு கேக்கறியே, நீ இந்த வீட்டுலதான் இருக்கியா?"

மாமா தன் முனையை விடவில்லை. "நல்லா சுத்து. இன்னும் தண்ணி இருக்கு."

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம், அந்த நர்ஸ் அம்மா கேட்டதும் இதைத்தானே என்று தோன்றியது. பொடிசு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் எங்கே முறுக்குகிறார்கள், எங்கே மடிகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். பனியன் உயிரை விட்ட இடம் எப்போதும் ஒன்றுதான். மெத்தென்ற நூல் வந்து கெட்டியான பொத்தானில் சேரும் இடம். அங்கே நூல் சடாரென்று மடிந்து, மெல்ல மெல்ல அறுந்தது. அந்த இடத்தில் பொத்தானைச் சுற்றி ஓரளவு விறைப்பான துணி, அதைச் சுற்றி இன்னும் மெல்லிசான துணி என்று படிப்படியாக இளகும்படி செய்தாள். நூலையும் நேராக இழுக்காமல் நெளிநெளியாகத் தளர்த்தி விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கொடுத்து, "எப்பவும் போலத் துவைங்க, நான் பாக்கலை" என்றாள்.

"நீ பாத்தா எனக்கென்ன, பாக்காட்டி எனக்கென்ன" என்று அத்தை பிரஷை எடுத்தாள்.

பல ஞாயிறுகள் தாண்டியும் பனியன் பிழைத்துக் கிடந்தது. கழுத்து கொஞ்சம் தொய்ந்தது, நிறம் பழுத்தது, ஆனால் எண்ணிக்கை பிசகவில்லை. பொடிசு ஆபீசில் நிமிர்ந்து நடந்தாள்.

அப்போதுதான் தூக்கத்தில் வில்லங்கம் முளைத்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மாமா தூங்கும்போதும் பனியனைப் போட்டிருக்கச் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. அவர் குறட்டை விடுவதாக அத்தை கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவரும் அன்றிலிருந்து மறுத்துக்கொண்டிருக்கிறார். "இனிமே மெஷின் சொல்லட்டும். விஞ்ஞானத்துக்குப் பயந்தாவது நீ வாயை மூடுவியா இல்லையான்னு பாக்கறேன்" என்று சவால்விட்டுப் படுத்தார். படுத்த கையோடு, லாரி மேட்டில் ஏறுவதுபோல் ஒரு சத்தம் வீட்டை நிரப்பியது.

மாலையில் பொடிசு போனைப் பார்த்தாள். அலைகள் அழகாக வந்தன. திடீரென்று கோடு படுத்துவிட்டது. தரையோடு தரையாக. கொஞ்ச நேரம் கழித்துப் பெரிதாக ஒரு எகிறல், மறுபடி அலை, மறுபடி கோடு படுத்தது. தூக்கம் முழுக்க இதே கதை.

"மாமா, தூங்கறப்ப கருவியைக் கழட்டினீங்களா?"

"நான் தூங்கவே இல்லை. கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அத்தை அடுக்களையிலிருந்து சிரித்தாள். "அந்த யோசனை தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. நடுநடுவுல ஒரு இடைவேளை விடுவாரு, அப்பதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

இந்த வார்த்தை பொடிசின் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அவள் மனம் முழுக்க நூலில் இருந்தது. வியர்வையும் சலவையும் படுத்திய பாட்டில், பனியன் விநோதமாக எதையாவது சொன்னால் பனியன்தான் தப்பு என்று அவளுக்குப் பழகிவிட்டது. இரண்டு பட்டைகளையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். இன்னும் மோசம். கோடு படுத்திருந்த நேரத்தில் வயிற்றுப் பட்டை விரிந்தது, அதே நேரம் மார்புப் பட்டை சுருங்கியது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியது. கூட்டினால் பூஜ்யம் வராமல் என்ன செய்யும்? எங்கேயோ இணைப்பு தலைகீழாக மாறியிருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

புதுப் பனியன் கொண்டுவந்தாள். அதுவும் அப்படியே. அதே பனியனை மாப்பிள்ளைக்குப் போட்டாள், சொக்கத் தங்கம். அத்தைக்குப் போட்டுவிட்டாள், அலை அலையாக ஒழுங்காக வந்தது. மறுபடி மாமாவுக்குப் போட்டால் மறுபடி கோடு படுத்தது.

"உங்க தொப்பை ஒரு மாதிரி இருக்கு மாமா. பட்டை ஒழுங்கா உக்கார மாட்டேங்குது."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை நாளா ஆராய்ச்சிக்கு நல்லா இருந்த தொப்பை. இப்ப என்ன வந்துச்சு அதுக்கு?"

முதலாளிக்குப் பொறுமை இல்லை. தலைமை நர்ஸ் நேரில் வந்து பார்க்க நாள் குறித்துவிட்டார். "ஏம்மா பொடிசு, அந்தக் கோடு படுக்கற எடத்துல, அதுக்கு முன்னாடி இருந்த அலையையே எடுத்து ஒட்டிவிட முடியாதா? சட்டையில கிழிசல் இருந்தா ஒட்டுப் போடறதில்லையா, அது மாதிரி?"

"அது சரியில்லை சார்."

"தப்பான எடத்தை மறைக்கறோம், அவ்வளவுதானே? நீதானே சொன்னே அது கோளாறுன்னு?"

அவள்தான் சொன்னாள். கோளாறு என்று அவள் நம்பவும் நம்பினாள். அதனால் இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் அந்த ஒட்டுப்போடும் வேலையைப் போன் நிரலில் எழுதிக் கொடுத்துவிட்டாள். கோடு கொஞ்ச நேரம் படுத்திருந்தால் பழைய அலையே திரும்ப ஓடும். மாமாவின் தூக்கம் போனில் கடலோரம் போல அழகாகிவிட்டது. அன்று அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஏதோ கசப்பாக இருந்தது, குழம்பில் இல்லை.

நர்ஸ் அம்மா வந்த நாள் ஆபீசை ஒரு வழி பண்ணியிருந்தார்கள். சுவரில் பெரிய திரை, ஒரு சாய்வு நாற்காலி, அதில் மாமா. நேராகப் பேக்கரியிலிருந்து வந்து, முகம் கழுவி, தலையை ஈரமாக வாரியிருந்தார். பனியனுக்கு மேலே சட்டை போட மறுத்துவிட்டார். "வந்தவங்க எதைப் பாக்க வந்தாங்க? சட்டையையா?" துவைக்கிற முறையைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்காக அத்தையும் வந்திருந்தாள். தலைமை நர்ஸ் ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை துவைச்சிருக்கு?"

"வாரா வாரம், சிஸ்டர். பிரஷ் போட்டுத்தான்" என்றாள் அத்தை.

"பிழிவீங்களா?"

அத்தை பொடிசை ஓரக்கண்ணால் பார்த்தாள். "தண்ணி எடுப்போம்."

நர்ஸ் அம்மா முதல்முறையாகப் புன்னகைத்தார். திரையில் மாமாவின் மூச்சைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தை வைத்துத் தானும் எண்ணினார். சரியாக இருந்தது. மாமாவை எழுந்து நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. மாமா மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதலாளி எழுந்து நின்று, "இந்தப் பனியனோட வரலாற்றை ரெண்டே வார்த்தையில சொல்லிடறேன்" என்றார்.

அவர் துண்டு வியாபாரத்தில் ஆரம்பித்தார். போர்வைக்கு வருவதற்குள் மாமாவின் தலை சாய்ந்துவிட்டது. போர்வை முடிவதற்குள் லாரி மேடேற ஆரம்பித்தது. முதலாளி குரலை உயர்த்தினார், மாமாவும் உயர்த்தினார். மெஷின் அக்கா வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டாள்.

பிறகு சத்தம் பட்டென்று நின்றது.

மாமாவை எழுப்பலாம் என்று திரும்பிய பொடிசு அப்படியே நின்றாள். முதல்முறையாக அவள் போனைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனியனுக்குள் வயிறு மெல்ல எழும்பியது. எழும்பியபோதே மார்பு உள்ளே அமுங்கியது. வயிறு அமுங்க, மார்பு எழும்பியது. பாலத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட இரண்டு வண்டிகள் போல. வாய் திறந்திருந்தது, ஆனால் எந்தச் சத்தமும் இல்லை. திரையிலோ அலைகள் நிதானமாக, அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

நர்ஸ் அம்மா எழுந்து போய், புறங்கையை மாமாவின் மூக்கருகே வைத்தார். திரையை ஒருமுறை பார்த்தார்.

"சார், உங்க திரையில இருக்கிறவர் மூச்சு விடறாரு. நாற்காலியில இருக்கிறவர் விடலை."

முதலாளி போர்வையிலிருந்து இறங்கினார். "அது... சிஸ்டர், கருவி கொஞ்சம் முன்கூட்டியே காட்டும்..."

"வரப்போற மூச்சையா?"

"இடைவேளை" என்றாள் அத்தை சாதாரணமாக. "பயப்படாதீங்க, இப்ப வந்துடும்."

சொல்லி முடிப்பதற்குள், மாமா தொண்டையில் எதையோ உடைத்துக்கொண்டு ஒரு பெரிய மூச்சை இழுத்தார். நாற்காலி ஆடியது. கண் திறக்கவில்லை. லாரி மறுபடி கிளம்பியது.

பொடிசுக்குக் காது சுட்டது. "சிஸ்டர், திரையில வர்றது பொய். நான்தான் எழுதினேன்."

முதலாளி இருமினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய்க் கணினியில் ஒட்டுப்போடும் வேலையை எடுத்துவிட்டாள். இரண்டு பட்டைகளையும் தனித்தனிக் கோடாகத் திரையில் போட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். மாமாவின் சத்தம் மறுபடி நின்றது. கைகோத்து நடந்துகொண்டிருந்த இரண்டு கோடுகளும் பிரிந்தன. ஒன்று ஏற, மற்றது இறங்கியது.

"இணைப்பு மாறிப் போச்சுன்னு நினைச்சேன். வாரக்கணக்கா அதைத் தேடிக்கிட்டிருந்தேன்."

"இணைப்பெல்லாம் சரியா இருக்கு" என்றார் நர்ஸ் அம்மா, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு. அவர் குரலே மாறியிருந்தது. "தூக்கத்துல இவருக்குத் தொண்டை அடைச்சுக்குது. வயிறு இழுக்குது, காத்து உள்ளே போக வழியில்லை, அதான் மார்பு அமுங்குது. மூச்சுக்கு உடம்பு போராடுறது அப்படியே வருதேம்மா இதுல. இதைப் போய் மறைச்சு வச்சிருக்கியே!"

பொடிசு மாமாவைப் பார்த்தாள். முடிவெட்டும் நாற்காலி, பஸ், மாவு மூட்டை எல்லாம் ஒன்றாக மனதில் வந்து போனது. தூக்கத்தில் தூங்கவே முடியாத மனிதர். அவள் பனியனைச் சந்தேகப்பட்டாள், நூலைச் சந்தேகப்பட்டாள், தொப்பையைக்கூடச் சந்தேகப்பட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது.

அத்தையின் முகத்திலும் சிரிப்பு இல்லை. "நான் அந்த நேரத்துல நிம்மதியா இருந்தேனே, சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "சத்தம் இல்லைன்னு சந்தோஷப்பட்டேனே." அவள் போய் மாமாவின் தோளைத் தொட்டு உலுக்கினாள். எப்போதும் உலுக்குவதுபோல் இல்லை.

மாமா கண்ணைத் திறந்தார். ஐந்து பேர் தன்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்தார். "என்ன? நான் தூங்கலை. போர்வை வரைக்கும் கேட்டேன்."

"மூச்சே விடலைங்க நீங்க" என்றாள் அத்தை.

"மூச்சு விடலையா? பாத்தியா!" மாமா வெற்றியோடு நிமிர்ந்தார். "மூச்சே விடாதவன் எப்படிடி குறட்டை விடுவான்?"

ஆஸ்பத்திரியில் அவரை ஒரு பகல் முழுக்கப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் பசை தடவி ஏகப்பட்ட வயர்களை ஒட்டினார்கள். மாமாவுக்கு வியர்த்ததில் பாதி வயர்கள் கழன்று விழுந்தன. திரும்பத் திரும்ப வந்து ஒட்டியவரிடம், "தம்பி, எங்க பொடிசு ஒரு பனியன் போட்டுவிடும், உரிச்சாலும் போகாது. அதைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று அறிவுரை சொன்னார். நர்ஸ் அம்மா கேட்டுக்கொண்டபடி வயர்களுக்கு அடியில் பனியனையும் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கருவியின் எண்ணிக்கையையும் பனியனின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. வயர் கழன்று விழுந்த இடங்களில் பனியன் மட்டும் விடாமல் எண்ணியிருந்தது.

அந்தப் பனியன் நுரையீரல் நோயாளிகளுக்குப் போகவில்லை. அதற்கு இன்னும் நாளாகும், வேறு மாதிரி பட்டை வேண்டும் என்று நர்ஸ் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். தூக்கத்தில் மூச்சு அடைக்கிறவர்களுக்கு வீட்டிலேயே வைத்துப் பார்க்க, முதலில் ஒரு சின்ன எண்ணிக்கை கேட்டார். கூடவே ஒரு நிபந்தனை: ஒட்டுப்போடும் வேலை எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. முதலாளி நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை பேச வாயெடுத்தார். மெஷின் அக்கா அவருக்கு முன்னால் ஒரு டம்ளர் டீயை நீட்டிக் காரியத்தை முடித்தாள்.

மாமாவுக்கு ஒரு முகமூடியும் அதற்குக் காற்று ஊதும் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். தூங்கும்போது போட்டுக்கொண்டால் தொண்டை அடைக்காது. வீட்டுக்கு வந்ததும் மாமா அதைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் என்ன கிணத்துக்குள்ள இறங்கப் போறேனா?"

"போட்டுக்கோங்க மாமா."

"விமானம் ஓட்டறவன் மாதிரி இருக்கு. எனக்குக் குறட்டையே கிடையாதுன்னு அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா?"

அத்தை எழுந்து வந்தாள். முகமூடியை எடுத்து, தன் முகத்தில் வைத்து, நாடாவை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்த்துத் திரும்பினாள். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வீடே அதிரும்படி சிரித்தார். அத்தையும் முகமூடிக்குள்ளிருந்தே சிரித்தாள், அது பம்பு கக்குவதுபோல் வெளியே வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாமா, "கொடு, கொடு. உனக்கு அது எடுபடலை" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தார்.

அன்று மதியம் வீட்டில் சத்தமே இல்லை. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பதும், கீழ்வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதும் கேட்டது. அத்தை ஒரு வேலையும் ஓடாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை குனிந்து, நர்ஸ் அம்மா செய்ததுபோலப் புறங்கையைக் கொண்டுபோனாள். பொடிசு வேலையிலிருந்து சீக்கிரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள், பிறகு மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மாமாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பும் வயிறும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து இறங்கின.

வெயில் இறங்கும் நேரத்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றி, கன்னத்தில் நாடா பதிந்த தடத்தைத் தடவிக்கொண்டு, ஏதோ புது இடத்துக்கு வந்தவர்போல் அறையைப் பார்த்தார்.

"கனவு கண்டேன்" என்றார் ஆச்சரியத்தோடு. "எத்தனை வருஷமாச்சு தெரியுமா எனக்குக் கனவு வந்து?"

"என்ன கனவு?"

"ரொட்டி. மாவு உப்புது, உப்புது, அடுப்பை விட்டு வெளியே வந்து, கடை வாசலைத் தாண்டித் தெருவெல்லாம் ரொட்டி. ஜனங்க அது மேல ஏறி நடந்து போறாங்க."

"வெந்துச்சா?" என்று அத்தை கேட்டாள்.

"பாக்கறதுக்குள்ள நீ எழுப்பிட்டே."

"நான் எங்க எழுப்பினேன்? நீங்களாத்தான் எழுந்தீங்க."

மாமா யோசித்தார். உண்மையாகவே, கண் திறந்து யோசித்தார். பிறகு முகமூடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். உள்ளேயிருந்து குரல் மங்கலாக வந்தது.

"அப்ப, வெந்துச்சான்னு போய்ப் பாத்துட்டு வரேன்."